300 டாலர் படகு, 2,000 டாலர் பில்: பழைய அலுமினியமா, ஃபைபரா?

ராத்திரி சாப்பிட்டுட்டு ஃபோனை எடுத்தால், யூடியூப் ஒரு ரெஸ்டோரேஷன் வீடியோவை முன்னாடி நீட்டும். யாரோ ஒரு அமெரிக்கர், பக்கத்து வீட்டுப் புதரில் கிடந்த பழைய படகை சும்மாவே வாங்கிட்டு வருவார். பாசியைக் கழுவுவார், தரையைப் பிரிப்பார், பெயின்ட் அடிப்பார். 20 நிமிஷத்தில் படகு பளபளன்னு ஏரியில் மிதக்கும். "அட, இவ்வளவுதானா?" என்று நமக்கும் தோணும்.

அந்த வீடியோக்களில் பெரும்பாலும் ஒண்ணு மட்டும் வராது. அது பில்.

இன்னைக்கு அந்த பில்லைப் பிரிச்சுப் பார்க்கலாம். மினசோட்டா, மிச்சிகன், டொராண்டோ பக்கம் வேலை பார்க்கிற நம்ம ஆட்கள் பலருக்கு இது நேரடியாகவே உதவும். அங்கே கோடை வந்தால் ஏரி, மீன்பிடிப்பு, படகு என்று ஊரே கிளம்பும், "ஒரு பழைய போட் வாங்கி ரெடி பண்ணலாமா?" என்கிற ஆசை வராதவர்கள் குறைவு. சென்னையிலோ கோவையிலோ இருப்பவர்களுக்கும் வேலை இருக்கு. செகண்ட் ஹேண்ட் கார், பைக், ரீசேல் ஃபிளாட் என்று எதை வாங்கினாலும் மாட்டிக்கொள்கிற இடம் ஒன்றுதான். படகில் அது இன்னும் தெளிவாகத் தெரியும்.

இத்தனை பழைய படகு எங்கிருந்து வந்தது?

இரண்டாம் உலகப் போர் வரைக்கும் சின்னப் படகு என்றால் பெரும்பாலும் மரம்தான். போர் முடிகிற சமயத்தில் அமெரிக்காவில் அலுமினியத் தகடு, ரிவெட் அடிக்கத் தெரிந்த தொழிலாளர்கள், தொழிற்சாலை எல்லாம் தயாராக இருந்தது. விமானத்துக்கான ஆர்டர் மட்டும் குறைந்துகொண்டிருந்தது. போர் விமானம் செய்துகொண்டிருந்த குரும்மன் நிறுவனம் 1945ல் அலுமினியக் கனூ செய்ய ஆரம்பித்தது. விமானத்தின் உடம்பைச் செய்கிற அதே வேலைதான்: தகட்டை வளை, ரிவெட் அடி. அதன் பிறகு பல கம்பெனிகள் அலுமினிய மீன்பிடிப் படகுகளில் இறங்கின.

1950களிலும் 60களிலும் ஃபைபர்கிளாஸ் பரவியது. ஒரு அச்சு செய்துவிட்டால், கண்ணாடி நாரையும் ரெசினையும் அதில் அடுக்கி, ஒரே வடிவத்தில் எத்தனை படகு வேண்டுமானாலும் எடுக்கலாம். வளைவு, நெளிவு, கலர் எல்லாம் இஷ்டம் போல. விற்பனை பிய்த்துக்கொண்டு போனது.

இரண்டுமே மரம் மாதிரி மக்கிப் போகாது. அதனால் 40, 50 வருஷப் படகுகள்கூட இன்னும் கொல்லைப்புறங்களில் கிடக்கின்றன. "எடுத்துட்டுப் போனா போதும்" என்று போர்டு மாட்டி வைத்திருக்கிறார்கள்.

அலுமினியம்: அடி பட்டால் காட்டிக்கொடுக்கும்

14 அடி அலுமினியப் படகு ஒன்று விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் என்னவெல்லாம் கெட்டுப்போயிருக்கும்?

முதலாவது, ரிவெட். வருஷக்கணக்கில் அலையில் குலுங்கி, ரிவெட்கள் லேசாகத் தளர்ந்திருக்கும். அந்த வழியாகத் தண்ணீர் கசியும். கண்டுபிடிப்பது சுலபம்: படகை ட்ரெய்லரிலேயே வைத்து, உள்ளே கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு, அடியில் படுத்துப் பாருங்கள். சொட்டுகிற இடத்தை மார்க்கரில் வட்டம் போட்டால் போதும். நிறைய ஊற்றிவிடாதீர்கள். 4 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலத்துக்கு 10 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றாலே எடை 400 கிலோ, படகே வளைந்துவிடும்.

தளர்ந்த ரிவெட்டை ஒருவர் வெளியிலிருந்து அடிக்க, இன்னொருவர் உள்ளே கனமான இரும்புக் கட்டையை வைத்துத் தாங்கினால், திரும்ப இறுகிவிடும். இறுகாததை எடுத்துவிட்டு, மரைன் சீலன்ட் வைத்துப் புதுசு அடிக்கலாம். ஒரு சனி, ஞாயிறு வேலை.

இரண்டாவது, பின்சுவர். எஞ்சின் மாட்டுகிற இந்த இடத்தை ட்ரான்ஸம் என்பார்கள். அலுமினியப் படகிலும் இந்த இடத்தில் பலத்துக்காகப் பிளைவுட் பலகை இருக்கும். அது ஊறி மக்கியிருக்கும். நல்ல விஷயம், பெரும்பாலான படகுகளில் அது போல்ட் போட்டு மாட்டியதுதான். கழற்று, பழைய பலகையை வைத்துப் புதுசு வெட்டு, எபாக்சி பூசு, மாட்டு.

இங்கே காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று பலர் ஒரு வேலை செய்வார்கள். ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற, பூச்சி அரிக்காமல் மருந்து ஏற்றிய பலகையை வாங்கிப் போட்டுவிடுவார்கள். அந்த மருந்தில் செம்பு இருக்கும். செம்பும் அலுமினியமும் ஈரத்தில் ஒட்டிக்கிடந்தால், அலுமினியம் பேட்டரியின் ஒரு முனை மாதிரி வேலை செய்து கரைய ஆரம்பிக்கும். கொஞ்சம் டாலர் மிச்சம் பிடிக்கப் போய் படகின் உடம்பையே தின்னக் கொடுத்த கதை. படகுக்கு அடியில் அடிக்கிற செம்பு கலந்த பெயின்டும் இதே காரணத்தால் அலுமினியத்துக்கு ஆகாது.

மூன்றாவது, ஓட்டை, விரிசல், அரிப்பு. அலுமினியம் சுமார் 660 டிகிரி செல்சியஸில் உருகும். அதன் மேல் இருக்கிற ஆக்சைடு படலம் உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். சின்ன ரிவெட் படகுகளில் தகடு பல நேரம் 2 மில்லிமீட்டர்கூட இருக்காது. அதனால் பழைய மெல்லிய தகட்டில் வெல்டிங் என்பது கை தேர்ந்தவர் வேலை. தெரியாதவர் தொட்டால் சின்ன ஓட்டை பெரிய ஓட்டையாகும். பெரும்பாலும் அதே வகைத் தகட்டில் ஒரு துண்டு வெட்டி, நடுவில் சீலன்ட் வைத்து, ரிவெட் அடித்து முடிப்பார்கள். ஆனால் அடிப்பாகம் முழுக்க பொடிப்பொடியாகக் குழி விழுந்திருந்தால், அல்லது உள்ளே இருக்கிற குறுக்குச் சட்டங்கள் ஒடிந்திருந்தால், அந்தப் படகை விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

கவனிச்சீங்களா? இந்த மூன்றையும் வாங்குவதற்கு முன்னாடியே, விற்கிறவர் வீட்டு வாசலிலேயே ஓரளவு பார்த்துவிட முடியும். பின்பலகையை ஒரு ஸ்க்ரூடிரைவரால் குத்தினாலே ஜாதகம் தெரிஞ்சுடும்.

ஃபைபர்: வெளியே பளபளப்பு, உள்ளே மரம்

"ஃபைபர் மக்காது" என்பது உண்மை. ஆனால் பழைய ஃபைபர் படகு பலவற்றில் ஃபைபர் என்பது மேல்தோல் மட்டும்தான். தரைக்கு அடியில் நீளவாக்கில் ஓடுகிற ஸ்ட்ரிங்கர் என்கிற சட்டங்கள் மரம். பின்சுவர், இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவில் பிளைவுட். தரையும் பிளைவுட். எல்லாத்தையும் ரெசின் போட்டு மூடியிருப்பார்கள்.

யாரோ ஒருத்தர் மீன் தேடும் கருவி மாட்ட ஒரு ஸ்க்ரூ போட்டிருப்பார், ஓரத்தில் சீலன்ட் வைத்திருக்க மாட்டார். அந்த ஒரு ஓட்டை போதும். தண்ணீர் உள்ளே போகும், வெளியே வர வழி இருக்காது. மரம் மூடிய பெட்டிக்குள்ளேயே அழுகும். வெளியே பெயின்ட் பளபளன்னு இருக்கும்.

அடுத்தது ஃபோம். அமெரிக்கச் சட்டப்படி 20 அடிக்குக் குறைந்த பெரும்பாலான மோட்டார் படகுகளில், தண்ணீர் புகுந்தாலும் முழுகாமல் இருக்க மிதவைப் பொருள் இருக்க வேண்டும். அதற்காகத் தரைக்கு அடியில் ஃபோம் அடைத்திருப்பார்கள். (அலுமினியப் படகிலும் உண்டு. ஆனால் சின்னப் படகுகளில் பெரும்பாலும் சீட்டுக்கு அடியில் இருக்கும், எடுத்துப் பார்க்க முடியும்.) பழைய ஃபோம் வருஷக்கணக்கில் நனைந்தால் தண்ணீரைக் குடித்துவிடும். 5 கன அடி ஃபோம் முழுசாக ஊறினால் சுமார் 140 கிலோ. இரண்டு பெரியவர்களை எப்பவும் படகில் உட்கார வைத்திருக்கிற மாதிரி. முழுகாமல் காப்பாற்ற வேண்டிய பொருளே கீழே இழுக்கும்.

இதைக் கண்டுபிடிக்கவும் வழி இருக்கு:

- தரையில் நடந்து பாருங்கள். மெத்து மெத்தென்று அமுங்கினால் பிளைவுட் போச்சு.
- பிளாஸ்டிக் சுத்தியால் பின்சுவரை இடம் இடமாகத் தட்டுங்கள். "டக் டக்" என்றால் திடம். "தொப் தொப்" என்றால் உள்ளே அழுகல்.
- எஞ்சினின் அடிப்பக்கத்தைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். பின்சுவரும் சேர்ந்து ஆடினால் கிளம்பிடுங்க.
- விற்கிறவர் ஒத்துக்கொண்டால் பின்சுவரின் கீழே ஒரு ஸ்க்ரூவைக் கழற்றுங்கள். பழுப்புத் தண்ணீர் வந்தால் மேலே பேச வேண்டியதில்லை.
- முடிந்தால் லாரி எடை மேடையில் நிறுத்துங்கள். கம்பெனி சொன்ன எடையைவிட நூற்றுக்கணக்கான கிலோ கூட இருந்தால், அது பெரும்பாலும் தண்ணீர்.

இத்தனையும் செய்தாலும் முழுசாகத் தெரியாது. தரையை அறுத்துப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் அறுப்பதற்கு முன்னால் நீங்கள் காசு கொடுத்து வாங்கியிருப்பீர்கள்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்

சரி, இப்போ கணக்குக்கு வருவோம். கீழே இருக்கிற தொகைகள் உதாரணத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. இடத்துக்கு இடம் மாறும். எஞ்சின், ட்ரெய்லர் இரண்டையும் ஒதுக்கிவிட்டு, உடம்பு மட்டும்.

அலுமினியப் படகு:
- வாங்கும் விலை: 800 டாலர்
- பின்பலகை, எபாக்சி: 150
- ரிவெட், சீலன்ட்: 80
- ஸ்டெயின்லெஸ் போல்ட்: 40
- பிரைமர், பெயின்ட்: 130
- தரைப் பலகை: 200
- மொத்தம்: 1,400 டாலர், சுமார் 40 மணி நேர உழைப்பு

ஃபைபர் படகு:
- வாங்கும் விலை: 300 டாலர்
- மேல் பூச்சு: 250
- தரைப் பலகை: 200
- தரையைப் பிரித்த பிறகு தெரிந்தது, ஸ்ட்ரிங்கர்: 400
- பின்சுவர்: 500
- ஃபோம்: 250
- மாஸ்க், கிரைண்டர் டிஸ்க், கையுறை: 100
- மொத்தம்: 2,000 டாலர், சுமார் 200 மணி நேர உழைப்பு

ரெடி ஆன பிறகு இரண்டுமே 1,200 டாலருக்குப் போகும் என்று வைத்துக்கொள்வோம். அலுமினியத்தில் 200 டாலர் நஷ்டம். ஃபைபரில் 800 டாலர் நஷ்டம்.

ரெண்டிலும் லாபம் இல்லை, கவனிங்க. பழைய படகை ரெடி பண்ணுவது முதலீடு கிடையாது, அது ஒரு பொழுதுபோக்குச் செலவு. பொழுதுபோக்குக்குச் செலவு பண்றதில் தப்பே இல்லை. எவ்வளவு என்று முன்னாடியே தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். 800 டாலர் படகில் அது தெரிந்தது. 300 டாலர் படகில் தெரியவில்லை. விலையைப் பார்த்து வாங்கியவருக்கு ஃபைபர் படகு சீப். ரிப்பேரைப் பார்த்து வாங்கியவருக்கு அலுமினியம் சீப்.

அமெரிக்கர்களே இதை வைத்து ஒரு ஜோக் அடிப்பார்கள். பி, ஓ, ஏ, டி என்றால் "பிரேக் அவுட் அனதர் தௌசண்ட்", அதாவது "இன்னொரு ஆயிரத்தை எடு".

நடுவில் நிறுத்தத் தெரியணும்

இப்போ அந்த ஃபைபர் படகுக்காரர் நிலைமையை யோசியுங்கள். 300க்கு வாங்கினார். ஆசையாக முதலில் 250க்குப் பெயின்ட் அடித்தார். பிறகு தரையைப் பிரித்தார். உள்ளே எல்லாம் சேறு மாதிரி இருக்கு. இதுவரை போனது 550 டாலர். இனிமேல் ஆகப்போவது 1,450.

இந்த இடத்தில் கிட்டத்தட்ட எல்லோரும் சொல்வது: "இவ்வளவு போட்டாச்சு, இப்ப விட்டா 550 வீணாயிடுமே."

அந்த 550 ஏற்கனவே போயாச்சு. தொடர்ந்தாலும் வராது, நிறுத்தினாலும் வராது. நிதிப் பாடத்தில் இதற்கு சங்க் காஸ்ட் என்று பெயர். இப்போ கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இனிமேல் போடப்போகிற 1,450 டாலருக்கும் 200 மணி நேரத்துக்கும் பதிலாக எனக்கு என்ன கிடைக்கும்? 1,200 டாலர் மதிப்புள்ள ஒரு படகு. அப்போ நிறுத்துவதுதான் சரி. அந்த 1,450ஐ வைத்து, கசியாத ஒரு அலுமினியப் படகை நேரடியாக வாங்கினால் அடுத்த வாரமே ஏரியில் இருக்கலாம்.

200 மணி நேரம் என்பதையும் லேசாக எடுக்காதீர்கள். வாரக் கடைசியில் 8 மணி நேரம் என்றால் 25 வாரம். அதற்குள் கோடை முடிந்து பனி கொட்டிவிடும், குளிரில் ரெசின் சரியாக இறுகாது. கிரைண்டர் போட்டால் பறக்கிற கண்ணாடித் தூசி உடம்பெல்லாம் அரிக்கும், மூச்சுக்கும் ஆபத்து. அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் செய்கிற வேலை இல்லை இது.

நிறுத்தும்போதுகூட இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. செத்துப்போன அலுமினியப் படகைப் பழைய சாமான் கடைக்கு எடுத்துப்போனால் எடைக்கு எடை காசு தருவார்கள். ஃபைபர் படகை உருக்க முடியாது. அப்புறப்படுத்த நீங்கள்தான் காசு கொடுக்க வேண்டியிருக்கும். பிரான்ஸில் 2019 முதல் பழைய படகுகளை அப்புறப்படுத்துவதற்கென்றே, தயாரிப்பாளர்களிடம் கட்டணம் வாங்கி நடத்துகிற ஒரு ஏற்பாடு இருக்கிறது. "சும்மா எடுத்துக்கோங்க" என்று ஒருவர் சொன்னால், அவர் தன் செலவை உங்கள் தலையில் கட்டுகிறாரா என்று ஒரு நிமிஷம் யோசிங்க.

அப்போ ஃபைபர் மோசமா?

இல்லை. காசிமேட்டிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் நம்ம கரையில் பாருங்கள், வரிசையாக ஃபைபர் படகுகள்தான். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்தவையும் ஏராளம். காரணம் இருக்கு. உப்புத் தண்ணீர் அலுமினியத்துக்கு எதிரி. அதுவும் வேறு உலோகத்தோடு சேர்ந்தால் அரிப்பு வேகமாகும். ஃபைபருக்கு அந்தக் கவலை இல்லை. படகு கல்லில் இடித்து ஓட்டை விழுந்தாலும், மேட்டும் ரெசினும் வைத்துக் கரையிலேயே ஒட்டுப் போட ஆள் இருக்கிறார்கள். அலுமினியத்துக்கு வெல்டர் எங்கே தேடுவது?

ஃபைபரில் ஓட்டை அடைப்பது முறையாகச் செய்தால் நல்ல பலமாகவே நிற்கும். ஓட்டையின் ஓரத்தைக் கனத்தைப் போல 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்க்க வேண்டும் என்பது பொதுவான விதி. 6 மில்லிமீட்டர் கனம் என்றால் சுற்றிலும் 72 மில்லிமீட்டர். 5 சென்டிமீட்டர் ஓட்டைக்கு ஒட்டு கிட்டத்தட்ட 19 சென்டிமீட்டர் அகலம் வரும். வேலை அதிகம்தான், ஆனால் அளவு தெரிந்த வேலை.

அதோடு, நம்ம மீனவருக்குப் படகு முதல். தினமும் வருமானம் தருகிற சொத்து. ஒரு நாள் கரையில் கிடந்தால் ஒரு நாள் சம்பாத்தியம் போச்சு. அதனால் எது சீக்கிரம், பக்கத்திலேயே சரியாகுமோ அதுதான் அவருக்குச் சீப். வாரக் கடைசியில் ஏரிக்குப் போகிற சம்பளக்காரருக்கு அந்தக் கணக்கு வேறு. ஒரே பொருளுக்கு இரண்டு பேருக்கும் இரண்டு சரியான பதில் இருக்கலாம்.

காசு கொடுப்பதற்கு முன் 5 கேள்வி

1. பேப்பர் சரியா? அமெரிக்காவில் 1972 நவம்பருக்குப் பிறகு செய்த படகுகளில் பின்சுவரின் வலது பக்கம் 12 எழுத்து, எண் கொண்ட அடையாளக் குறியீடு இருக்கும். அது பத்திரத்தில் இருப்பதோடு பொருந்தணும். பேப்பர் இல்லாத படகு சும்மா கிடைத்தாலும் வேண்டாம்.

2. சேதத்தை வாங்குவதற்கு முன்னாடியே பார்க்க முடியுமா? முடியாத இடம் எல்லாம் கெட்டுப்போயிருக்கு என்று வைத்தே விலை பேசுங்கள்.

3. ரிப்பேர் பண்ண ஆள், இடம், கருவி என் பக்கத்தில் இருக்கா? இல்லை என்றால் அதையும் விலையில் சேருங்கள்.

4. முழுசா ரெடி ஆன அதே மாடல் என்ன விலைக்குக் கிடைக்குது? அதைவிட அதிகமாகச் செலவு வந்தால், ரெடி ஆனதையே வாங்கிடலாம்.

5. எந்தத் தொகையைத் தாண்டினால் நிறுத்துவேன்? இதை வாங்குகிற அன்னைக்கே எழுதி வையுங்கள். தரையைப் பிரித்த பிறகு யோசித்தால், மனசு 550ஐத்தான் எண்ணிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று: இந்தச் செலவை கிரெடிட் கார்டில் போட்டு இஎம்ஐயாக மாற்றாதீர்கள். அவசரகால நிதி, இன்சூரன்ஸ், மாதாமாத எஸ்ஐபி எல்லாம் போக, ஆசைக்கு என்று ஒதுக்கிய தொகையில் அடங்கினால் சந்தோஷமாகச் செய்யுங்கள்.

இந்த 5 கேள்வியில் "படகு" என்கிற இடத்தில் செகண்ட் ஹேண்ட் கார் என்று போட்டுப் பாருங்கள், 15 வருஷ ஃபிளாட் என்று போட்டுப் பாருங்கள். புதுசாகப் பெயின்ட் அடித்த காரில் வெள்ளத்தில் மூழ்கிய எஞ்சினும், புதுசாக டைல்ஸ் போட்ட ஃபிளாட்டில் ஒழுகுகிற பாத்ரூம் பைப்பும் இதே கதைதான். பூச்சு எங்கே புதுசாக இருக்கோ, அங்கே இன்னொரு தடவை தட்டிப் பாருங்கள்.

மேலே போட்ட கணக்கை வரிவரியாக நம்ம சேனலில் போர்டில் போட்டுக் காட்டியிருக்கிறோம். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களும் ஒரு தடவை எழுதிப் பாருங்கள். அதற்கு ஒரு பேப்பரும் 10 நிமிஷமும் போதும்.